இனாகுரேட்: தொடங்குவதா, தொடங்கி வைப்பதா?

சொல்தேடி

வரலாற்றுக் கட்டுரைகளில் இப்படி ஓர் ஆங்கில வாக்கியம் அடிக்கடி கண்ணில் படுகிறது: "1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக் விண்வெளி யுகத்தை இனாகுரேட் செய்தது." இந்த இடத்தில் இந்தச் சொல் பொருந்தாது என்பது என் வாதம்.

இனாகுரேட் என்பது வெறும் தொடக்கத்தைக் குறிக்கும் சொல் அல்ல. லத்தீனில் 'இனாகுராரே' என்றால் ஆகுர் என்னும் ரோமானியப் பூசாரி பறவைகளின் போக்கைப் பார்த்து, தெய்வத்தின் ஒப்புதல் உண்டா என்று அறிந்து, ஒருவரையோ ஓர் இடத்தையோ புனிதப்படுத்துவது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும், ஒருவரை முறைப்படி பதவியில் அமர்த்துவது என்ற பொருளோடுதான் வந்தது. ஓர் உலோக உருண்டைக்குச் சடங்கு ஏது? அதை ஏவிய பொறியாளர்கள் ஒரு யுகத்துக்கா விழா எடுத்தார்கள்? தொடங்கியது என்று சொல்ல பிகின், ஸ்டார்ட், கமென்ஸ், இனிஷியேட் என்று வரிசையாகச் சொற்கள் இருக்கும்போது, இதையும் இழுத்து வந்து அதே கூட்டத்தில் நிறுத்தினால் ஒரு நுட்பமான வேறுபாட்டை இழந்துவிடுவோம்.

நடைமொழி

முழுமையாக மறுக்கிறேன். ஒரு சொல்லின் பிறப்பு அதன் பொருளுக்குச் சட்டம் இயற்றாது. பேசுகிறவர்களும் எழுதுகிறவர்களும் பல தலைமுறைகளாக எப்படிக் கையாள்கிறார்களோ அதுதான் பொருள்.

'நைஸ்' என்ற சொல்லின் மூலம் லத்தீனில் 'அறியாதவன்'. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் ஒருவரை அப்படி அழைத்தால் முட்டாள் என்று திட்டுவதாக அர்த்தம். 'சில்லி' நேர் எதிர்த்திசையில் போனது: பழைய ஆங்கிலத்தில் அதன் முன்னோடிக்குப் பேறு பெற்றவர், மகிழ்ச்சியானவர் என்று பொருள். இரண்டையும் பழைய பொருளில் இன்று யாராவது எழுதினால் புரியுமா?

நீங்கள் மாற்றாகச் சொன்ன 'ஸ்டார்ட்' மட்டும் என்ன? அதன் பழைய ஆங்கில வடிவத்துக்குத் துள்ளி எழு, திடுக்கிட்டுக் குதி என்றுதான் பொருள். திடுக்கிடுவதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்டில்' அதன் உடன்பிறப்பு. 'தொடங்கு' என்ற பொருள் அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் ஒட்டிக்கொண்டது. வேரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால், கூட்டம் பத்து மணிக்கு ஸ்டார்ட் ஆனது என்று எழுதவும் உங்களுக்கு உரிமை இல்லை. கூட்டம் துள்ளியதா?

இனாகுரேட்டுக்கு இன்றைய அகராதிகள் மூன்று பொருள்களையும் தருகின்றன: பதவியில் அமர்த்துதல், விழாவோடு திறந்து வைத்தல், ஒரு காலகட்டத்தையோ வழக்கத்தையோ தொடக்குதல். மூன்றாவதும் மற்ற இரண்டைப் போல முழு உரிமையுள்ள பொருள்தான்.

சொல்தேடி

நடைமொழி, பழைய பொருளுக்குத் திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் கழுகைத் தேடி வானத்தைப் பார்க்க வேண்டாம். அந்தச் சடங்கின் உள்ளே இருந்த கருத்து இந்தச் சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது, அதைக் கொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நூமா பொம்பிலியஸை ரோமின் இரண்டாவது அரசனாக்கிய காட்சியை வரலாற்றாசிரியர் லிவி விவரிக்கிறார். மூத்தோர் அவையான செனட் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது. ஆனாலும் நூமா, தெய்வங்களையும் கேட்க வேண்டும் என்கிறான். ஆகுர் அவனைக் கோட்டைக் குன்றுக்கு அழைத்துப் போய் ஒரு கல்லின் மேல் தெற்கு நோக்கி உட்கார வைக்கிறார். தன் தலையை மூடிக்கொண்டு அவனுக்கு இடப்பக்கம் அமர்கிறார். வலது கையில் கணு இல்லாத வளைந்த கோல். அதற்கு லிட்டுவுஸ் என்று பெயர். நகரத்தையும் வயல்வெளியையும் பார்த்து வேண்டிக்கொண்டு, கிழக்கிலிருந்து மேற்குவரை வானத்தைப் பகுதிகளாகப் பிரிக்கிறார். தெற்குப் பக்கம் வலம், வடக்குப் பக்கம் இடம் என்று அறிவிக்கிறார். எதிரே கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓர் அடையாளத்தை மனத்தில் குறித்துக்கொள்கிறார். அப்புறம் கோலை இடது கைக்கு மாற்றி, வலது கையை நூமாவின் தலைமேல் வைத்து, ரோமானியரின் தலைமைத் தெய்வமான ஜூப்பிட்டரிடம் கேட்கிறார்: இவன் ரோமின் அரசனாவது முறையென்றால், நான் வகுத்த எல்லைக்குள் தெளிவான அறிகுறி காட்டு. என்னென்ன அறிகுறிகள் வேண்டும் என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார். அவை தோன்றிய பிறகுதான் நூமா அரசனாக அறிவிக்கப்பட்டு இறங்கி வருகிறான்.

இதில் எந்த இடத்திலாவது 'தொடக்கம்' என்ற கருத்து முன்னால் நிற்கிறதா? அனுமதி இருக்கிறது, சாட்சி இருக்கிறது, அதிகாரம் உள்ள ஒருவரின் கை இருக்கிறது. ஆட்சி தொடங்குவது இவற்றின் விளைவு. இனாகுரேட்டை ஸ்டார்ட்டோடு சேர்த்துக் கட்டுகிறவர்கள் விளைவை எடுத்துக்கொண்டு செயலை விட்டுவிடுகிறார்கள்.

வேர்நூல்

விவாதத்தில் ஒரு தகவலைச் செப்பனிட வேண்டும். சொல்தேடி தன் முதல் பதிவில் சொன்ன பறவைச் சடங்கு உண்மைதான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் 'ஆகுர்' என்ற சொல்லின் வேரிலேயே பறவை இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பல பிரபலமான விளக்கங்கள் அப்படித்தான் சொல்கின்றன: லத்தீனில் பறவையைக் குறிக்கும் 'அவிஸ்' அதன் முதல் பகுதி என்று. அது பழைய ஊகம். இன்று மொழியியலாளர்கள் பலரும் ஏற்பது, பெருகச் செய்தல் என்று பொருள்படும் 'ஆகேரே' என்ற வினையோடு தொடர்புடையது என்பதைத்தான். அதாவது ஆகுர் என்பவர் முதலில் வளம் பெருகச் செய்பவர், பெருக்கத்துக்கான தெய்வ அருளைப் பெற்றுத் தருபவர்.

இந்த வேரின் குடும்பம் பெரியது. ஆக்மென்ட் என்றால் கூட்டுதல். ஆக்‌ஷன் என்று நாம் சொல்லும் ஏலம், விலை ஏறிக்கொண்டே போவதால் வந்த பெயர். ஆத்தர், அத்தாரிட்டி இரண்டும் இதே குடும்பம். ஒன்றை வளர்த்து உருவாக்குகிறவர் ஆத்தர், அவருக்குள்ள சொல்லுரிமை அத்தாரிட்டி.

பறவை உண்மையிலேயே உள்ளே இருக்கும் சொல் வேறு: 'ஆஸ்பிஸ்'. அவிஸ் என்ற பறவையும், பார்த்தல் என்ற பொருள் கொண்ட ஸ்பெக்கெரேயும் சேர்ந்தது. பறவை பார்த்தல். நல்ல சகுனம் என்ற பொருளில் வரும் ஆஸ்பிஷியஸ் அதன் பிள்ளை.

ரோமானியர்களுக்கே இதில் இரண்டு மனம் இருந்தது என்பது சுவையான செய்தி. கி.மு. 27இல், ரோமின் முதல் பேரரசரான ஆக்டேவியனுக்கு அகஸ்டஸ் என்ற பட்டம் கொடுத்ததைப் பற்றி எழுதும் ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ், ஆகுர் முறைப்படி புனிதமாக்கப்பட்ட இடங்களை 'அகஸ்ட்' என்பார்கள் என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல் பெருக்கத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், பறவைகளின் அசைவிலிருந்தோ இரை எடுப்பதிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் வைக்கிறார். ரோமுலஸ் என்ற பெயரை வைக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். கடைசியில் அகஸ்டஸ் வென்றது. அதனால்தான் ஆண்டின் எட்டாவது மாதம் இந்த இனாகுரேட்டுக்குத் தூரத்து உறவு.

நடைமொழி

வேர்நூல், நன்றி. இது என் வாதத்துக்குத்தான் உரம். சூட்டோனியஸுக்கே பெருக்கமா பறவையா என்று தெரியவில்லை என்றால், 2,000 ஆண்டு கழித்து ஆங்கிலம் எழுதுகிறவர் எந்த வேருக்குக் கட்டுப்பட வேண்டும்? பறவைக்கா, பெருக்கத்துக்கா? பெருக்கம்தான் என்றால், ஸ்புட்னிக் வாக்கியம் இன்னும் நன்றாகப் பொருந்துகிறது! ஒரு துறை அங்கிருந்து பெருகியது.

கரைவாசி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பறவைச் சகுனம் என்றதும் கப்பல் கோழிகளின் கதை நினைவுக்கு வந்தது. கி.மு. 249இல், வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுக்கு எதிரான முதல் போரில், சிசிலித் தீவின் ட்ரெபானா துறைமுகத்தைத் தாக்கப் போகிறார் ரோமானியத் தளபதி பப்ளியஸ் கிளாடியஸ் புல்க்கர். புனிதக் கோழிகளுக்கு இரை போட்டார்கள். அவை ஆவலோடு தின்று, அலகிலிருந்து இரை சிந்தினால் நல்ல அறிகுறி. கோழிகள் தொடவே இல்லை. தின்னாவிட்டால் குடிக்கட்டும் என்று சொல்லி அவற்றைக் கடலில் வீசிவிட்டார். 90க்கும் மேற்பட்ட கப்பல்கள் எதிரி கையில் சிக்கின. இதுவும் இனாகுரேஷன் கதைதானே? சடங்கை மதிக்காமல் தொடங்கியதால் வந்த வினை.

வேர்நூல்

கரைவாசி, கதை சரி, இடம்தான் வேறு. கோழி பார்ப்பது ஆஸ்பிஸ் வகை. போருக்கோ கூட்டத்துக்கோ போகும் முன் ஓர் அதிகாரி தன் காரியத்துக்காக அன்றைக்கு மட்டும் கேட்கும் அனுமதி. கேட்கிறவர் தளபதி, கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாள். நாள் கழிந்தால் அந்த அனுமதியும் கழிந்தது. இனாகுரேஷன் ஆகுர் குழுவின் வேலை. அது ஆளுக்கும் இடத்துக்கும் நிலையான தகுதியைக் கொடுத்தது. அன்றைய தேதியோடு முடிவதில்லை. இந்த வேறுபாடு இங்கே நடக்கும் வாதத்துக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். வெறுமனே ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கான சகுனம் ஆஸ்பிஸ். ஒன்றின் நிலையையே மாற்றுவது இனாகுரேஷன்.

அகராதிக்காரி

இருவருமே பாதியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். வேரை விட்டுவிட்டு, இந்தச் சொல் இன்று எந்தெந்த எழுவாயோடு சேர்கிறது, எதோடு சேர மறுக்கிறது என்று பார்ப்போம்.

மழை பிகின் ஆகலாம், ஸ்டார்ட் ஆகலாம். கொஞ்சம் விறைப்பாக எழுதினால் கமென்ஸ்கூட ஆகலாம். மழை இனாகுரேட் ஆகாது. தலைவலி, இருமல், தூக்கம் எதுவுமே ஆகாது. இந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும், செய்கிறவரும் வேண்டும். தமிழில் தொடங்குவதற்கும் தொடங்கி வைப்பதற்கும் உள்ள அதே வேறுபாடு. மழை தானாகத் தொடங்கும், அதை யாரும் தொடங்கி வைக்க முடியாது. அந்த 'வை' இனாகுரேட்டுக்குள் புதைந்து கிடக்கிறது. ஆகவே நடைமொழி சொல்வது போல இது பிகினுக்கு மாற்றுச்சொல் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தத் தடைகள் கரைந்திருக்கும்.

பக்கத்து வீட்டுச் சொற்களையும் பாருங்கள். இனிஷியேட் லத்தீன் இனிஷியத்திலிருந்து வந்தது. உள்ளே போவது என்பது அதன் மூலப்பொருள். மறைபொருள் வழிபாடுகளில் புதிதாகச் சேர்கிறவரை உள்ளே விடும் சடங்குக்கும் அதே வேர். இன்று ஓர் உரையாடலை இனிஷியேட் செய்யலாம், ஒரு குழுவுக்குள் ஒருவரையும் இனிஷியேட் செய்யலாம்; இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. கமென்ஸ் அதே இனிஷியேட்டின் முன் 'கோம்' என்ற ஒட்டைச் சேர்த்து, பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். அதில் சடங்கு முற்றாகத் தேய்ந்துவிட்டது, ஓர் இடம் தவிர. பட்டமளிப்பு விழாவை அமெரிக்காவில் கமென்ஸ்மென்ட் என்கிறார்கள். படிப்பு முடியும் நாளுக்குத் தொடக்கம் என்ற பெயர் ஏன் என்று குழம்புகிறவர்கள் உண்டு. இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுவது என்றால் ஆசிரியர் கூட்டத்துக்குள் நுழைவது, அன்றிலிருந்து கற்பிக்கத் தொடங்குவது. கேம்பிரிட்ஜில் வழங்கிய அந்த வழக்கம்தான் கடல் தாண்டிப் போனது.

இப்போது ஸ்புட்னிக். அந்த வாக்கியத்தில் சடங்கு நடத்துகிறவர் எழுதுகிறவர்தான். நிகழ்வு நடந்து ஆண்டுகள் கழித்து, இங்கிருந்துதான் யுகம் என்று எல்லை வகுத்து அறிவிக்கிறார். நடந்த அன்று அது ஓர் ஏவுதல். 'பிகின்' என்றால் அந்த அறிவிப்பு காணாமல் போகும். என் தீர்ப்பு: வாக்கியம் சரி, அது சரியாக இருப்பதற்கான காரணத்தைத்தான் நடைமொழி தவறாகச் சொல்கிறார்.

சொல்தேடி

அகராதிக்காரி, மழைச் சோதனை நன்றாக இருக்கிறது. ஆனால் கடைசிப் பத்தியை ஏற்க முடியாது. எழுதுகிறவர் ஆகுர் ஆகிவிட்டார் என்றால், மறுப்பு எங்கே?

ஆகுரின் அதிகாரத்தில் பெரும்பகுதி 'இல்லை' என்று சொல்வதில் இருந்தது. மக்கள் மன்றம் கூடியிருக்கும்போது ஆகுர் 'ஆலியோ தியே' என்று சொன்னால் போதும், அதாவது வேறொரு நாள். கூட்டம் கலைய வேண்டியதுதான். ரோமானியப் பேச்சாளர் சிசரோ தானே ஆகுராக இருந்தவர். இந்த இரண்டு சொல்லுக்கு இருந்த வலிமையைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். கி.மு. 59இல் சீசரின் சட்டங்களைத் தடுக்க அவரோடு கான்சல் என்னும் ரோமின் உயர்பதவியைப் பகிர்ந்த பிபுலஸ், நான் வானத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டிலிருந்தபடி அறிவித்துக்கொண்டே இருந்தார். அவர் ஆகுராக அதைச் செய்யவில்லை, பதவியிலிருந்த அதிகாரியாகச் செய்தார். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். வானம் மறுக்கலாம் என்பதால்தான் ஒப்புதலுக்கு மதிப்பு.

இன்னொரு சான்று. இந்தச் சொல்லுக்கு லத்தீனில் எதிர்ச்சொல் இருந்தது: 'எக்ஸாகுராரே'. அதற்கு முடித்தல் என்று பொருள் இல்லை. புனிதத்தை நீக்குதல் என்று பொருள். தார்க்குவின் அரசன் ஜூப்பிட்டருக்குக் கோயில் கட்ட இடம் ஒதுக்கியபோது அங்கிருந்த சிறு சன்னிதிகளையெல்லாம் இப்படி நீக்கினார்கள். மற்றவற்றுக்குப் பறவைகள் இசைந்தன. எல்லைத் தெய்வமான டெர்மினஸின் சன்னிதிக்கு இசையவில்லை என்கிறார் லிவி. எல்லைத் தெய்வம் நகர மறுத்ததை ரோமுக்கு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள். தொடக்கம் என்பது இந்தச் சொல்லின் உயிராக இருந்திருந்தால் அதன் எதிர்ச்சொல் முடிவு என்றல்லவா இருக்க வேண்டும்?

வரலாற்றாசிரியர் ஒரு யுகத்தை அறிவிக்கும்போது யாரும் 'வேறொரு நாள்' என்று சொல்ல முடியாது. அது முத்திரை இல்லாத ஒப்புதல்.

நடைமொழி

முடியாதா? வரலாற்றாசிரியர்கள் ஒருவரை ஒருவர் மறுப்பதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள்! விண்வெளி யுகம் அதற்கு முந்தைய ராக்கெட்டுகளோடு தொடங்கியது என்று ஒருவர் எழுதலாம். அந்த மறுப்பு சிசரோ காலத்து மறுப்பைவிட நேர்மையானது. காரணம் காட்ட வேண்டும்.

சரி, உங்கள் பக்கத்திலேயே வந்து பேசுகிறேன். சடங்குப் பொருள் மிகத் தூய்மையாக இருக்கும் இடம் அமெரிக்க அதிபர் பதவியேற்பு. அதற்குப் பெயரே இனாகுரேஷன். அங்கே விழா எதைத் தொடங்கி வைக்கிறது? 1933இல் உறுதியான 20ஆவது திருத்தத்தின்படி, முந்தையவரின் பதவிக்காலம் ஜனவரி 20 நண்பகலில் முடிகிறது, அடுத்தவருடையது அந்த நொடியே தொடங்குகிறது. மேடை போட்டாலும் போடாவிட்டாலும் தொடங்கும். 1985இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. ரீகன் வெள்ளை மாளிகைக்குள் எளிமையாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். பொது விழா மறுநாள், அதுவும் கடுங்குளிரால் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள். அவருடைய இரண்டாவது பதவிக்காலம் ஒரு நாள் ஓடி முடிந்த பிறகு அதை இனாகுரேட் செய்தார்கள்! முதல் அதிபர் வாஷிங்டனுக்கும் அப்படித்தான். புதிய அரசு 1789 மார்ச் 4 அன்று தொடங்க வேண்டியது. அவர் நியூயார்க்கில் ஃபெடரல் ஹால் மாடத்தில் உறுதிமொழி எடுத்தது ஏப்ரல் 30. ஆகவே விழாவுக்கும் தொடக்கத்துக்கும் முடிச்சு எப்போதுமே தளர்வானதுதான். அந்தத் தளர்வு வழியாகத்தான் சொல் வெளியே வந்து யுகங்களுக்கும் இயக்கங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

சொல்தேடி

ரீகன் எடுத்துக்காட்டு என் பக்கம் பேசுகிறது, கவனியுங்கள். பதவிக்காலம் தானாகத் தொடங்கிவிட்டது. இனாகுரேஷன் வேறொரு செயல் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அந்தச் செயலின் உள்ளே ஒரு கட்டாயமும் இருக்கிறது. அதிகாரத்தைச் செயல்படுத்தும் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அரசமைப்பே சொல்கிறது. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி இறந்து சில மணி நேரத்தில், டாலஸில் தரையில் நின்ற விமானத்துக்குள் துணை அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் கையை உயர்த்தி நின்றார். மேடை இல்லை, அணிவகுப்பு இல்லை, உரை இல்லை. நெருக்கி நின்ற சிலர் சாட்சி, ஒரு நீதிபதி, சில வரிச் சொற்கள். நூமா உட்கார்ந்த கல்லுக்கும் அந்த விமானத்துக்கும் நடுவே உள்ள ஒற்றுமையை நான் கற்பனை செய்யவில்லை: அதிகாரம் வந்துவிட்டது என்பது ஒன்று, அதை ஏற்றதாக மற்றவர் முன் உறுதி செய்வது இன்னொன்று.

வேர்நூல்

ஜான்சன் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து ஸ்புட்னிக் வாக்கியம் தவறு என்ற முடிவுக்குப் போக முடியாது. ஆட்களுக்கும் கட்டடங்களுக்கும் வரும் பொருளில் சாட்சியும் அதிகாரமும் கட்டாயம். காலகட்டத்துக்கு வரும் பொருளில் அவை உருவகமாகிவிட்டன. ஒரே சொல் இரண்டு நிலையிலும் நிற்கலாம். 'டெம்ப்ளும்' என்பது ஆகுர் தன் கோலால் வானத்திலும் மண்ணிலும் வகுத்த பகுதி. அதிலிருந்து கோயிலைக் குறிக்கும் டெம்ப்பிள் வந்தது, ஆழ்ந்து நோக்குவதைக் குறிக்கும் கான்டெம்ப்ளேட்டும் வந்தது. ஒன்று கல்லாக நின்றது, மற்றது மனத்துக்குள் போனது. இரண்டாவதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை.

சொல்தேடி

கான்டெம்ப்ளேட்டுக்கு இடம் உண்டு, ஏனென்றால் அந்த வேலையைச் செய்ய அதற்கு ஈடான வேறு சொல் இல்லை. யுகம் தொடங்கியது என்று சொல்ல நான்கு சொற்கள் காத்திருக்கின்றன. அகராதிக்காரி சொன்ன 'அறிவிப்பு' உண்மையிலேயே இருக்கும் வாக்கியத்தில் இனாகுரேட் வரட்டும். பத்தில் ஒன்பது கட்டுரைகளில் அது இல்லை. பிகின் என்று எழுதினால் எளிமையாகத் தெரியுமே என்ற கூச்சம்தான் இருக்கிறது. ஒரு செயலியின் புதிய பதிப்பு 'புதிய வசதியை இனாகுரேட் செய்கிறது' என்று விளம்பரம் வருகிறது. அங்கே எந்த எல்லை வகுக்கப்பட்டது?

அகராதிக்காரி

அந்த விளம்பரத்தை நானும் அடித்துத் திருத்துவேன். ஆனால் காரணம் சடங்கு இல்லாதது அல்ல. அந்த வசதி ஒரு காலகட்டத்தைத் திறக்கவில்லை. அதற்குப் பின்னால் வருவது அதற்கு முன்னால் இருந்ததிலிருந்து வேறுபடவில்லை. ஸ்புட்னிக்குக்குப் பிறகு வேறுபட்டது. நான் திருத்தும்போது கேட்கும் கேள்வி இதுதான்: இந்த வினைக்குப் பிறகு வரும் சொல் இன்னும் நீண்டு ஓடப்போகும் ஒன்றா? யுகம், மரபு, கொள்கை, ஆட்சி என்றால் விட்டுவிடுவேன். வசதி, தள்ளுபடி, அத்தியாயம் என்றால் வெட்டுவேன்.

நடைமொழி

அத்தியாயத்தை ஏன் வெட்ட வேண்டும்? ஒரு நாவலின் முதல் அத்தியாயம் அதன் குரலை இனாகுரேட் செய்கிறது என்று எழுதினால், அங்கே நீண்டு ஓடப்போவது குரல்.

அகராதிக்காரி

அப்போது செயப்படுபொருள் குரல், அத்தியாயம் அல்ல. அதை விட்டுவிடுவேன்.